ஆயுத பூஜைப் பெயிண்டும் கழன்ற வீல் நட்டுகளும்

சக்கரம் முதலில் வந்தது

ஆயுத பூஜை முடிந்த அதே வாரம் எங்கள் பஸ்ஸின் பின் சக்கரம் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. தகவல் கொண்டுவந்த லாரிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சக்கரத்தை மாட்டியவன் நான்.

அறுபதுகளின் கடைசி. தர்மபுரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் நான் மேஸ்திரி. என் கையால் மாட்டாத சக்கரம் ரோட்டுக்குப் போகாது. எங்கள் வண்டிகள் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய்த் திரும்பும். கணவாயில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே பள்ளத்தில் கிடந்த வண்டிகளைச் சங்கிலி போட்டு இழுத்தவன் நான்.

நல்ல வேளையாக இது நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் நடந்தது. ஆள் இறங்குவதற்காக டிரைவர் மாதையன் வேகத்தைக் குறைத்திருக்கிறார். அப்போது வலது பக்கம் ஒரு சக்கரம் தனியாக அவரைத் தாண்டி உருண்டு போனது. "எவன் வண்டிதுடா இதுன்னுதான் மொதல்ல நெனச்சன்" என்று பிறகு சொன்னார். அடுத்த நொடி வண்டி பின்னால் சாய்ந்தது. பின்பக்கம் ஒவ்வொரு ஓரத்துக்கும் இரட்டைச் சக்கரம் இருக்குமே, அதில் வெளிச் சக்கரம் ஓடிவிட்டது. உள் சக்கரம் மட்கார்டுக்குள் சிக்கிக்கொண்டது. பிரேக் டிரம் தார் ரோட்டில் உராய்ந்து வண்டி நின்றது. ஒருவருக்கு முன்பல் போனது, ஒரு அம்மாவின் தயிர்ப்பானை உடைந்தது. அதோடு போயிற்று.

நான் அதே லாரியில் ஏறிப் போனேன். ஓடிப்போன சக்கரம் ரோட்டோரக் கேழ்வரகுக் காட்டில் படுத்திருந்தது. காட்டுக்காரப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, உங்க சக்கரம் அப்பவே வந்துடுச்சி. மிச்ச பஸ்சு எப்ப வரும்?"

பயணிகள் எல்லோரும் சிரித்தார்கள். பல் போனவரும் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தார். மாதையன் மட்டும் சாய்ந்துகிடந்த வண்டியின் நிழலில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும், "சவரி, காலைல ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பாத்துட்டுத்தான்டா எடுத்தன்" என்றார்.

"தட்டிப் பாத்தா எப்பிடிண்ணே கழலும்? சும்மா சொல்லாத."

"நீ மாட்டுனதுடா அது! என்னைக் கேக்கற!"

இரண்டு பேரும் ரோட்டில் நின்று கத்திக்கொண்டோம். என்னைவிட வயதில் மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அதைப் பற்றியெல்லாம் அன்றைக்கு நான் கவலைப்படவில்லை.

ஸ்டட்டு ஏன் உடைகிறது

கதைக்குப் போகும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு வீல் மாட்டுகிற பையன்கள் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

டிரம்மிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிதான் ஸ்டட்டு. அதில் சக்கரத்தின் டிஸ்கை மாட்டி, மேலே நட்டைப் போட்டு இறுக்குகிறோம். வண்டியின் பாரத்தை ஸ்டட்டு தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. நட்டு இறுக்கும்போது டிஸ்கும் டிரம்மும் ஒன்றோடு ஒன்று அழுந்திப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடிதான் பாரத்தைத் தாங்குகிறது. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்.

நட்டு கொஞ்சம் லூசானால் பிடி போய்விடும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் டிஸ்க் இப்படியும் அப்படியும் அசையும். கட்டுக்கம்பியை ஒடிக்க வேண்டுமானால் என்ன செய்கிறோம்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்குகிறோம். ஸ்டட்டுக்கும் அதே கதிதான். ஒன்று உடைந்தால் அதன் பாரம் பக்கத்து இரண்டுக்கும் போகும். பிறகு அவை உடையும். அதனால் உடைந்த ஸ்டட்டை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை அனுப்புகிறவன் மெக்கானிக்கே இல்லை. பக்கத்தில் இருப்பவற்றையும் தட்டி எடுத்து மாற்று. அவையும் உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

நல்லம்பள்ளியில் உடைந்த ஸ்டட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி பளபளவென்று இருந்தது. கறுத்தது பழைய விரிசல். பளபளப்பு அன்றைக்கு உடைந்தது. அப்படியென்றால் அந்த நட்டுகள் சில நாளாகவே லூசாக ஓடியிருக்கின்றன.

இறுக்கியது நான். எனக்கு இறுக்கத் தெரியும். எங்கள் ஷெட்டில் ஸ்பானரில் குழாயைச் சொருகி அதன் மேல் ஏறிக் குதிக்கும் பழக்கத்தைக் கெட்ட வார்த்தை சொல்லி நிறுத்தியவன் நான்தான். குதித்தால் ஸ்டட்டு நீண்டுபோகும், நட்டு ஏறுகிற மரை கெட்டுப்போகும். அப்படியிருக்க இது எப்படி?

முதலாளியின் தீர்ப்பு

வண்டியைக் கட்டி இழுத்து ஷெட்டில் சேர்த்த பிறகு முதலாளி வந்தார். ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"மாதையா, போன வருசம் பூஜை முடிஞ்சி நட்டு ஆடி ஸ்டட்டு ஒடிஞ்சுது. யார் வண்டி?"

"என்துதானுங்க."

"இந்த வருசம்?"

"மொதலாளி, நான் தட்டிப் பாத்துட்டுத்தானுங்க..."

"தட்டிப் பாத்தியோ, தடவிப் பாத்தியோ! ஜனங்க உசுருய்யா. நீ வண்டியில ஏற வேணாம். தீவாளி முடியட்டும், அப்பறம் முடிவு சொல்றன். இங்க இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

வேறு இடம் எங்கே இருக்கிறது? சக்கரம் கழன்ற டிரைவர் என்ற பேர் பஸ் ஸ்டாண்டில் பொழுது சாய்வதற்குள் பரவிவிடும். எந்தக் கம்பெனிக்காரன் ஸ்டீரிங்கைக் கொடுப்பான்? மாதையன் வத்தல்மலை அடிவாரத்துக்காரர். மானாவாரிக் காட்டை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு டிரைவர் வேலைக்கு வந்தவர். திரும்பிப் போக அங்கே ஒன்றுமில்லை. அடுத்த நாளிலிருந்து காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, ஷெட் வாசலில் பழைய டயர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வூட்ல இருண்ணே. இங்க வந்து எதுக்கு உக்காந்திருக்க?"

"வூட்ல என்னான்னு சொல்றது? இன்னும் சொல்லல."

மற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். திருஷ்டி. பூஜைக்கு வண்டியை அவ்வளவு அழகாக ஜோடித்தோம், ஊர்க் கண் பட்டுவிட்டது. அடுத்த வருஷம் இன்னும் பெரிய பூசணிக்காய் உடைக்க வேண்டும், பூஜையை இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும். போன வருஷம் ஸ்டட்டு ஒடிந்தபோதும் இதே முடிவுதான். அதன்படி இந்த வருஷம் நன்றாகத்தான் செய்தார்கள்.

எப்படிச் செய்வோம் என்றால், வண்டியிலிருந்து எல்லாச் சக்கரத்தையும் கழற்றுவோம். கழுவித் துடைத்த பிறகு பெயிண்டர் நஞ்சப்பன் வருவார். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். பிரஷ் பிடித்தால் அவ்வளவு அழகு. டிஸ்கின் முன்பக்கம், பின்பக்கம், டிரம்மின் முகம் என்று ஒரு இடம் விடாமல் அடிப்பார். ஒவ்வொரு வருஷமும், பழைய பெயிண்டின் மேலேயே. பின்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாதே என்று ஒரு தடவை நான் கேட்டதற்கு முதலாளி, "நமக்குத்தான்டா மறைவு. சாமிக்கு மறைவு உண்டா?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம், போன வருஷத்துக் கோளாறுக்குப் பரிகாரமாக இரண்டு கோட்டிங்.

வீலின் முதுகு

மூன்றாம் நாள் மாதையனிடம் சொன்னேன்: "சும்மா உக்காந்திருக்கறதுக்கு எந்திரிச்சி வாண்ணே. அந்த வீலப் பிரிச்சிப் பாக்கலாம்."

மட்கார்டுக்குள் மாட்டியிருந்த உள் சக்கரத்தை நெம்பி எடுத்துப் புரட்டினோம். டிரம்மோடு ஒட்டி உட்கார வேண்டிய பின் முகத்தைப் பார்த்தேன். பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து நின்றது. விரலால் தட்டினால் சில்லுச் சில்லாக விழுந்தது. ஒரு சில்லை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மேலே சிவப்பு, அடியில் சிவப்பு, அதற்கடியில் பச்சை, அதற்கும் அடியில் ஏதோ ஒரு காலத்து மஞ்சள்.

மாதையன் ஒரு சில்லை நகத்தால் அழுத்தினார். நசுங்கியது.

"இது மெத்து மெத்துன்னு இருக்குதேடா."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. நான் இறுக்கியபோது இரும்பை இரும்போடு சேர்த்து இறுக்கவில்லை. நடுவில் பெயிண்ட் மெத்தை. டிரம்முக்கும் உள் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்று, உள் சக்கரத்துக்கும் வெளிச் சக்கரத்துக்கும் நடுவில் ஒன்று, நட்டு உட்காரும் குழிகளில் வேறு. ஷெட்டில் நிற்கும்போது நட்டு கல் மாதிரி இறுகித்தான் இருக்கும். ரோட்டில் ஓடும்போது டிரம் சூடாகும், பெயிண்ட் இளகி நசுங்கும், பொரிந்து உதிரும். அது விட்டுப்போன இடத்துக்கு நட்டு லூசாகும். நட்டைச் சுற்றியும் பெயிண்ட் பிடித்திருந்ததால் தட்டிப் பார்த்தபோது சத்தத்திலும் தெரியவில்லை. மாதையன் பொய் சொல்லவில்லை, நானும் சரியாகத்தான் இறுக்கினேன்.

"அண்ணே, உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல."

"அதப் போயி மொதலாளிகிட்டச் சொல்லு. ஒத்துப்பாரா?"

ஒத்துக்கொள்ளவில்லை. சில்லைக் கையில் கொடுத்துச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"சாமிக்குன்னு அடிச்ச பெயிண்டக் கொற சொல்றியா? நீ வேதக்காரன், உனக்கு ஆயுத பூஜையப் பத்தி என்னா தெரியும்?"

எனக்கும் கோபம் வந்தது. "மொதலாளி, எங்க மாதா கோயில் தேருக்கும் வருசா வருசம் பெயிண்ட் அடிக்கறோம். அச்சு சுத்தற எடத்துல ஒரு சொட்டுப் பட்டாலும் எங்க சாமியார் காத முறுக்கிப்புடுவாருங்க. பூஜைய எவன் வேணாம்னு சொன்னான்? நட்டு உக்கார்ற எடத்துல அடிக்காதீங்கன்னுதான் சொல்றன்."

பக்கத்தில் நின்ற நஞ்சப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நோடி மேஸ்திரி, பாத்துப் பேசு. என் பெயிண்டு சக்கரத்தக் கழட்டிடுச்சா? நாளைக்கு மழ பெய்யலன்னாலும் நஞ்சப்பன் பெயிண்டுதான்னு சொல்லுவ நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "ஓட்டிப் பாத்துடலாம்" என்றேன். "இன்னொரு வண்டியக் குடுங்க. வலது பக்கம் நஞ்சப்பன் அவரு இஷ்டத்துக்கு பூஜை மாதிரியே அடிக்கட்டும். எடது பக்கம் நான் பெயிண்டு மொத்தத்தையும் சுரண்டிட்டு மாட்டறன். மாதையண்ணன் ஓட்டட்டும். சேலம் போயிட்டு வந்து நீங்களே ஸ்பானரப் போட்டுப் பாருங்க."

முதலாளி யோசித்தார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் மாதையன் எழுந்து வந்தார். "நானே போயிடறனுங்க. தீவாளி வரைக்கும் காக்க வேணாம்."

சேலம் போய் வந்தது

நஞ்சப்பன் வலது பக்கத்தை முதலிலேயே அடித்துக் காயவைத்துவிட்டார். இடது பக்கத்துக்கு நானும் மாதையனும் உட்கார்ந்தோம். சுரண்டியால் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, நட்டுக் குழிகளை உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பொழுது சாய்ந்துவிட்டதால் சக்கரங்களைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனோம். விடிந்ததும் வந்து நானே மாட்டினேன். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு எதிரே இருப்பதை இறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் டிஸ்க் கோணலாக உட்காரும். இரண்டு பக்கமும் ஒரே ஸ்பானர், ஒரே கை.

பயணிகளை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சீட்டுகளில் மணல் மூட்டை அடுக்கினோம். முதலாளி முன் சீட்டில், நான் பின் சீட்டில், சக்கரத்துக்கு நேர் மேலே.

தொப்பூர் இறக்கத்தில் மாதையன் கியரைக் குறைத்து மெதுவாக இறக்கினார். முதலாளி திரும்பி, "என்னா, மாப்பிள்ள ஊர்கோலமா? எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டுய்யா" என்றார்.

"எப்பவும் இப்பிடித்தானுங்க எறக்குவன். நீங்க இந்தப் பக்கம் கார்லதான வர்றீங்க."

கணவாய்க்குக் கீழே டீக்கடையில் நிறுத்தினோம். நான் வீலில் கை வைக்கப் போனேன்.

"கைய எடு. ஷெட்டுக்குப் போற வரைக்கும் எவனும் தொடக் கூடாது."

சேலம் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் என் காது வலது பக்கத்திலேயே இருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் மெல்லிய கிறீச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

ஷெட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலது பக்கம் குனிந்தார். ஸ்பானரைப் போட்டு இறுக்கும் பக்கமாக அழுத்தினார். நட்டு பொதுக்கென்று சுற்றியது. அடுத்ததும் சுற்றியது. அதற்கடுத்ததும். கூட்டத்தில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள்.

முதலாளி இடது பக்கம் வந்தார். மூச்சுப் பிடித்து அழுத்தினார். நகரவில்லை. என் மனசு லேசானது.

மாதையன்தான் கெடுத்தார். "மொதலாளி, இந்தப் பக்கம் எடது மரைங்க. நீங்க கழட்டற பக்கமா அழுத்தறீங்க. இறுக்கறது எதிர்ப் பக்கமுங்க."

அந்தக் கால வண்டிகளில் இடது பக்கத்து நட்டு தலைகீழாகத்தான் திரும்பும். சக்கரம் சுற்றுகிற சுற்றில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் வேலை போகிற விஷயம். ஆனால் அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

முதலாளி மேலே இருந்த வேறொரு நட்டில் ஸ்பானரை மாற்றிப் போட்டு எதிர்ப்பக்கம் அழுத்தினார். நட்டு சுற்றியது. பக்கத்து நட்டும் சுற்றியது. அதற்கடுத்ததும்.

ஸ்பானரைக் கீழே போட்டார். "பாத்துட்டியா சவரி? பெயிண்டு அடிச்சாலும் அப்பிடித்தான், அடிக்கலன்னாலும் அப்பிடித்தான். ரெண்டு நாள் வேலயக் கெடுத்ததுதான் மிச்சம்." பிறகு மாதையன் பக்கம் கையை நீட்டினார். "சாவியக் குடு."

என் கையால் சுரண்டிய வீல், என் கையால் இறுக்கிய நட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாதையன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, துடைத்து, முதலாளி கையில் வைத்தார்.

"மொதலாளி, நில்லுங்க."

நஞ்சப்பன்தான். முன்னால் வந்து வீலுக்கு எதிரே குந்தினார்.

"இந்த மேல் மூணுதான சுத்துச்சி? இது, இது, இது?"

"ஆமா. அதுக்கென்னா?"

"நேத்து சாயந்தரம் மேஸ்திரி போனப்பறம் நான் வந்தேன். சக்கரத்தப் பாத்தேன். மொட்டையா, மூளியா இருந்துச்சி. பூஜை முடிஞ்சு இன்னும் ஒரு மாசம்கூட ஆகல, சாமி வண்டி மூளியாப் போகக் கூடாதுன்னு டப்பாவுல இருந்த சில்வர் பெயிண்ட எடுத்து நட்டுக் குழியில தடவினேன். வால்வுக்குப் பக்கத்துல இந்த மூணு குழி தடவறதுக்குள்ள டப்பா தீந்துபோச்சி. மிச்சத்த விட்டுட்டேன்."

அவர் தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

"கீழ இருக்கறது ஒண்ணும் நான் தொடல. புடிச்சுப் பாருங்க."

முதலாளி வாங்கினார். கீழ் நட்டில் போட்டு அழுத்தினார். நகரவில்லை. அடுத்தது. அதுவும் நகரவில்லை. முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினார். ஸ்பானர்தான் வழுக்கியது. மிச்சம் இருந்த ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

நான் மேல் நட்டு ஒன்றைக் கழற்றிக் குழியை ஆணியால் கீறினேன். சில்வர் தூளாக வந்தது. சுரண்டிய இரும்பும் சில்வர் பெயிண்டும் பார்வைக்கு ஒரே நிறம். காலையில் மாட்டியபோது எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். அவ்வளவு மெல்லிய கோட்டிங், ஒரே ஒரு நடை. அதற்கே நட்டு சுற்றுகிறது என்றால், இத்தனை வருஷத்துப் பெயிண்ட் என்ன செய்திருக்கும்?

முதலாளி நஞ்சப்பனைப் பார்த்தார். "ஏன்யா, நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா உன் பெயிண்டு தப்பிச்சிருக்குமே."

"பெயிண்டு அடிச்சது நானு, வேல போறது அவருக்கா? இது எந்த ஊரு ஞாயம்?"

முதலாளி சாவியை மாதையன் கையில் திருப்பி வைத்தார். மன்னிப்பெல்லாம் அவருக்கு வராது. "காலைல மொத நடை நீ போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மாதையன் சாவியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நஞ்சப்பன் தோளில் ஒரு அறை விட்டார். "சில்வரு, நல்ல வேளை உன் டப்பா தீந்துபோச்சி. ரொம்பி இருந்தா நான் ஊருக்கு மூட்ட கட்டியிருப்பன்." அன்றிலிருந்து ஷெட்டில் அவருக்கு சில்வர் என்றே பேர்.

அதன் பிறகு

ஒரு வாரத்தில் கம்பெனியின் எல்லா வண்டிகளிலும் வீலைக் கழற்றிச் சுரண்டினோம். நஞ்சப்பனும் சுரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் அடித்த பெயிண்டைத் தானே சுரண்ட வேண்டியிருந்ததால் அவர் நாள் முழுக்கக் கன்னடத்தில் திட்டினார். யாரைத் திட்டினார் என்று நான் கேட்கவில்லை.

பூஜையை யாரும் நிறுத்தவில்லை. முதலாளியே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு வீல்கள் கழன்று, டிரம்முகள் வெறும் இரும்பாக நின்றபோது, அவரே ஒவ்வொரு டிரம்முக்கும் கற்பூரம் காட்டினார். "சாமி பாத்துட்டுது. இப்ப மாட்டு" என்றார். நான் மாட்டினேன். மாட்டி இறுக்கிய பிறகு நஞ்சப்பன் நட்டுகளை மறைக்கிற அளவுக்கு ஒரு வட்டத் தகரத்தை வெட்டி வைத்துக்கொண்டு, வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார். அந்தத் தகரம் இல்லாமல் எவனாவது பிரஷ்ஷைத் தூக்கினால் முதலில் அவர்தான் கத்துவார். எழுபதுகளின் பாதியில் நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை, பூஜை முடிந்து ஒரு வண்டியிலும் ஸ்டட்டு ஒடியவில்லை. மாதையன் அந்தத் தடத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். வத்தல்மலை அடிவாரத்தில் ஓட்டு வீடு கட்டி எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டார். நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்போது வேலைக்கு வருகிற பையன்களுக்குச் சொல்கிறேன். டிஸ்கும் டிரம்மும் சேரும் இடத்தில் பெயிண்ட், துரு, மண், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது. நட்டுக் குழியிலும் கூடாது. கையால் மரையில் ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்றாதே. எதிரெதிராக இறுக்கு. குழாய் மேல் ஏறிக் குதிக்காதே, உன் எடையைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. புதிதாக மாட்டிய வீலை முதல் நடை முடிந்ததும் மறுபடி ஸ்பானர் போட்டுப் பார். எவ்வளவு சுத்தமாக மாட்டினாலும் இரும்பு கொஞ்சம் படியும். தட்டிப் பார்ப்பதை மட்டும் நம்பாதே. நட்டைச் சுற்றிப் புதிதாகத் துருப்பொடி வழிந்திருந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம், அந்த வண்டியை எடுக்காதே.

அதோடு ஒன்று. ஒரு நட்டு லூசாகிவிட்டால் உடனே ஷெட்டில் எல்லோரும் ஒரு ஆளைத் தேடுவார்கள். டிரைவர் பார்க்கவில்லை, மெக்கானிக் இறுக்கவில்லை, எவன் கண்ணோ பட்டுவிட்டது. நாங்களும் அப்படித்தான் நல்லம்பள்ளி ரோட்டில் நின்று கத்தினோம். கத்துகிற நேரத்துக்கு வீலைக் கழற்றிப் புரட்டி அதன் முதுகைப் பார்த்திருந்தால், ஒரு நல்ல டிரைவர் அத்தனை நாள் ஷெட் வாசலில் டயர் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. முதலில் வீலைக் கழற்று. ஆளைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.